கோடீஸ்வரனின் சம்பள உயர்வும் அரசகரும மொழியும்

அரசகரும மொழி என்றாலே இனப்பெருமையும் மேடை முழக்கமும்தான் நினைவுக்கு வரும். இலங்கையின் கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த செல்லையா கோடீஸ்வரனிடம் அது சம்பளக் கணக்காக வந்து சேர்ந்தது.

1956இன் 33ஆம் இலக்கச் சட்டத்துக்கு மூன்றே பிரிவுகள். சிங்களம் மட்டுமே இலங்கையின் அரசகரும மொழி என்பது சாரம். நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விட்டது: சிங்களப் பரீட்சையில் தேறாவிட்டால் ஆண்டுச் சம்பள உயர்வு கிடையாது. கோடீஸ்வரன் பரீட்சைக்குப் போகவில்லை. 1962இல் அவருடைய உயர்வு நின்றது.

வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றமோ மொழிப் பிரச்சினைக்குள் நுழையவே இல்லை. அரச ஊழியர் சம்பளம் கேட்டு அரசின்மேல் வழக்காட முடியாது என்று சொல்லிவிட்டது. 1969இல் அப்போதைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, 1956 மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்பதை இலங்கை நீதிமன்றமே தீர்க்கட்டும் என்றது. அது தீர்க்கப்படவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சில் மேன்முறையீடே ஒழிக்கப்பட்டது. 1972 அரசியலமைப்பு சிங்களத்தின் இடத்தை இன்னும் உறுதியாக்கியது.

1987இன் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழியாயிற்று. மறு ஆண்டு 16ஆம் திருத்தம் நிர்வாகத்திலும் நீதிமன்றங்களிலும் அதற்கு இடம் வகுத்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது. ஏட்டளவில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை வேறிடத்தில். ஒரு மொழியை விலக்கியபோது ஐந்தே ஆண்டில் ஊழியரின் சம்பளத்தில் கைவைத்த அரசு, அதே மொழியைச் சேர்த்துக்கொண்ட பிறகு மெத்தனமாக இருந்தது. புதிதாகச் சேரும் அரச ஊழியர் இரண்டாவது அரசகரும மொழியில் ஐந்து ஆண்டுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்ற சுற்றறிக்கை 2007இல்தான் வந்தது. இடையில் இருபது ஆண்டு. உள்நாட்டுப் போர் நடந்தது என்பது உண்மைதான். ஆனால் கொழும்பிலும் மலையகத்திலும் அலுவலகங்கள் திறந்துதானே இருந்தன?

அரசகரும மொழி என்ற தகுதியின் எடையைப் பார்க்க அரசியலமைப்பைப் புரட்டுவதைவிட, யாரை வேலைக்கு எடுத்து எந்த மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே மேல். போருக்குப் பின் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2011 அறிக்கையில் ஒரு பரிந்துரை செய்தது: பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி தெரிந்த அலுவலர் இருக்கவேண்டும். தமிழ் அரசகரும மொழியாகி அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.