பழைய சக்கரங்கள் – 11: மலைக் கொட்டகையில் ஒரு எம்.ஜி.

எம்.ஜி. டி.சி., இருவர் மட்டும் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் செய்யப்பட்டன. 1250 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 19 அங்குல ஸ்போக் சக்கரங்கள், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். ஸ்டீயரிங் வலப்புறம் மட்டும். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளிலும் அதை மாற்றவில்லை. வேகத்தில் இன்றைய சின்ன மாருதியிடம் தோற்றுவிடும். ஆனாலும் உலகெங்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மனத்தில் எழும் உருவம் இதுதான்: நீண்ட மூக்கு, தனியே துருத்தி நிற்கும் மட்கார்டு, முதுகில் மாட்டிய ஸ்டெப்னி.

இந்த வகைக் கார் இந்தியாவில் அரிதாக இருப்பதற்குக் காரணம் அரசின் கொள்கை. உதிரிகளை உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் இங்கே கார் பூட்டக் கூடாது என்று 1953-இல் முடிவானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அதன்பின் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் உள்ளே வர இருந்த வழிகளில் ஒன்று, தூதரக அதிகாரிகள் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது அரசு வணிகக் கழகத்தின் மூலம் விற்றுவிட்டுப் போவது. பிற்காலத்தில் தனியார் இறக்குமதிக்கு வழி திறந்தபோதும் 1950-க்கு முன் செய்த கார் என்பதே நிபந்தனை. 1949-இல் முடிந்த டி.சி. அந்தக் கோட்டுக்கு உள்ளே நின்றது. அடுத்து வந்த டி.டி.யில் பெரும்பாலானவை கோட்டுக்கு வெளியே. 2025-இல்தான் ஐம்பது வயது கடந்த வண்டிகள் என்று விதி தளர்ந்தது. சுங்க வரியின் கனம் குறையாததால் வாங்க நினைப்பவர் கண் இன்னும் உள்நாட்டுக் கொட்டகைகள் மேல்தான்.

கொட்டகை என்றதும் மலைத் தோட்டங்கள் நினைவுக்கு வரும். சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் நூறாண்டுக்கு மேல் ஏற்காடு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் ஊர். ஆகவே காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஜாகுவார் ஒன்று காத்திருக்கிறது என்ற நம்பிக்கை எளிதில் முளைக்கிறது. அது கொஞ்சம் மிகையான நம்பிக்கை. காப்பி மூட்டைக்கும் சேற்றுப் பாதைக்கும் தேவைப்பட்டது ஜீப்பும் லாரியும். ஸ்போர்ட்ஸ் கார் ஓய்வு நாள் ஆடம்பரம். தப்பித்தவறிக் கிடைத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது காரை அல்ல, காகிதத்தை.

“கார் இருக்கு, புக் இல்லை” என்று விற்பவர் சொன்னால் பேரத்தை அங்கேயே நிறுத்துவது உத்தமம். ஆர்.சி. புக் இல்லாத கார், சட்டத்தின் கண்ணில் இரும்புக் குவியல். புக் இருந்தும் அதில் பெயருள்ளவர் காலமாகியிருந்தால், வாரிசுகள் படிவம் 31 மூலம் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகுதான் படிவம் 29, 30 வழியாக விற்பனை. நான்கு வாரிசுகளில் ஒருவர் கனடாவில் இருந்தால் இந்த வேலை எஞ்சின் வேலையைவிட நீளும். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய மதராஸ் எண்கள் புக்கிலும் தகட்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழைய வண்டிகளுக்கென்று தனிப் பகுதி சேர்ந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘விண்டேஜ்’ ஆகும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பின் ‘வி.ஏ.’ வரும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், ஆய்வு, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்குச் சாலையில் ஓட்டலாம். தினமும் ஆபீசுக்குப் போக முடியாது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது இன்னொரு வரி: சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. டொயோட்டா எஞ்சின் மாட்டிய எம்.ஜி. மலிவாகக் கிடைப்பது இதனால்தான். பிரிட்டனின் பழங்கார் சங்கத்தார் 1930-உடன் விண்டேஜை முடித்துவிடுவார்கள். அவர்கள் கணக்கில் டி.சி. விண்டேஜே அல்ல. நம் ஊரில் அம்பாசடருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

காகிதம் சரி என்றால் எண்கள். டி.சி.யின் சேசிஸ் எண் முன்பக்க இடது சட்ட நுனியில் நேரடியாகக் குத்தப்பட்டிருக்கும். வரிசை 0251-இல் தொடங்குகிறது. ஆபிங்டன் ஆலையின் தொலைபேசி எண் 251, எம்.ஜி. தன் வண்டிகளை எண்ணத் தொடங்குவதே அந்த எண்ணிலிருந்துதான். எஞ்சின் எண் எண்கோணப் பித்தளைத் தகட்டில் இருக்கும். நிறுவனத்தின் சின்னமும் எண்கோணம்தான். துரு மூடிய எண்ணைத் தெளிவாக்குகிறேன் என்று கிரைண்டர் வைப்பது கையிலிருப்பதையும் அழித்துவிடும். டீசலில் நனைத்த துணி, பித்தளை பிரஷ், பொறுமை ஆகிய மூன்றும் போதும். எண்கள் இல்லாத ‘எம்.ஜி.’ களும் உலவுகின்றன. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அடித்தளத்தில் டி.டி. போன்ற ஃபைபர் உடலை மாட்டி விற்றார்கள். நம் நாட்டுப் பட்டறைகளில் ஜீப் சேசிஸ் அந்த இடத்தில் இருக்கும். குனிந்து அடியில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது மரம். புதிதாக வாங்குபவர்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். டி.சி.யின் உடல் இரும்புத் தகடு போலத் தோன்றினாலும் அதைத் தாங்குவது ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தால் ஆன கூடு. தகடு அதன்மேல் ஆணியடித்துப் போர்த்திய சட்டைதான். ஏற்காட்டு மூடுபனி இரவில் தகட்டின் உட்புறம் துளித்து மரத்துக்குள் இறங்குகிறது. தரையில் மண்ணாக இருந்தால் கரையான் கீழிருந்து ஏறுகிறது. வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே கூடு பொரிகடலை மாவாகக் கிடக்கும்.

கதவுதான் இதைக் காட்டிக்கொடுக்கும். டி.சி.யின் கதவுகளுக்குக் கீல் பின்பக்கம். கதவைப் பாதி திறந்து, முன் ஓரத்தை இரு விரலால் மெல்லத் தூக்க வேண்டும். கீல் மட்டும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, சின்னச் செலவு. கீலோடு சேர்ந்து பின்புறத் தூணும் நகர்ந்து தகட்டில் அலை தெரிந்தால் தூண் உளுத்துவிட்டது. இருக்கையை எடுத்துவிட்டு, மரத்தில் ஊசிமுனைக் கருவியால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல ஆஷ் முனையைத் தடுக்கும்; உளுத்தது வெண்ணெயாக வாங்கிக்கொள்ளும்.

மாற்று மரம் எது என்பதில் தச்சருக்கும் உரிமையாளருக்கும் வாக்குவாதம் வரும். மலை முழுக்க மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அது ஆஸ்திரேலிய மரம், பெயரில் மட்டும்தான் ஓக், கூட்டுக்கு ஆகாது. தேக்கு நீரைத் தாங்கும், கரையான் தொடாது. ஆஷைப் போல அதிர்ச்சியை வளைந்து வாங்காது. விலை கொடுத்து ஆஷ் வரவழைப்பதே சரி. முடியாதவர் தேக்கில் செய்துகொள்வதைக் குறை சொல்லவும் இயலாது. எப்படியானாலும் பழைய துண்டுகள் ஒன்றைக்கூட எறியக் கூடாது. பாதி மக்கிய தூண்கூட வளைவுக்கு அச்சாகும்.

எஞ்சினை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் அது கடைசிக் கவலை. எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற இந்த எஞ்சின் மோரிஸ் டென் குடும்பக் காரின் வழிவந்தது. எளிமையானது, லேத் பட்டறைக்குப் பணியக்கூடியது. பல ஆண்டு நின்ற வண்டியில் பேட்டரியை மாட்டி உடனே சுற்றிப்பார்க்கும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் சுற்றினால் போதும்.

சிக்கல் போல்ட்டில் இருக்கிறது. இந்த எஞ்சினைச் செய்த மோரிஸ் 1923-இல் வாங்கிய எஞ்சின் ஆலை, கோவன்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தினுடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டர் கணக்கில் மரை வெட்டின. இங்கிலாந்து மெக்கானிக்கின் பையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். அதனால் மரை மில்லிமீட்டரிலும் போல்ட்டின் தலை விட்வொர்த் அளவிலும் அமைந்தன. கால் அங்குல விட்வொர்த் தலையின் அகலம் சுமார் 13.3 மி.மீ. சேலத்து மெக்கானிக் 13 ஸ்பேனரைப் போட்டால் நுழையாது, 14 போட்டால் ஆடும். இரண்டாவது திருப்பில் தலை மழுங்கிவிடும். தொலைந்த போல்ட்டுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண எம்8 போல்ட்டை முறுக்குவது இன்னும் மோசம். அதன் மரை இடைவெளி 1.25 மி.மீ., எஞ்சினில் இருப்பது 1 மி.மீ. இரண்டு சுற்று இணக்கமாக ஏறி, மூன்றாவதில் வார்ப்பிரும்பின் மரையைச் சீவிவிடும். வாங்கும் முன்பே டாப்பெட் மூடியைச் சுற்றிப் புது மஞ்சள் நிற போல்ட்டுகள் தெரிந்தால், முன்னால் ஒருவர் இந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

சக்கரத்துக்குச் சிறு சோதனை போதும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றவர் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். டக் டக் என்று கேட்டால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஸ்போக்கைத் தனித்தனியாகத் தட்டினால் இறுகியது கிணுங்கும், தளர்ந்தது ஊமையாக இருக்கும்.

டி.சி. கிடைக்காதவருக்குத் தமிழ்நாட்டில் பொருத்தமான மாற்று டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962-இல் வந்த இந்தக் கார், 1959-இன் டிரையம்ஃப் ஹெரால்டைச் சுருக்கிச் செய்தது. அதே ஹெரால்டை 1961 முதல் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்தது. சென்னைத் தெருக்களில் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டினார்கள். சோழவரம் விமான ஓடுதளத்துப் பந்தயங்களிலும் அது ஓடியது. ஸ்பிட்ஃபயரின் முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ராக் போன்றவற்றுக்கு ஹெரால்டின் உதிரிகள் இன்னும் இங்கே கிடைக்கின்றன. சேசிஸ் மட்டும் அப்படியே பொருந்தாது. ஹெரால்டின் ஓரச் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் இல்லை. அந்தச் சுமையைக் கதவுக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டிகள் சுமக்கின்றன. அவை துருப்பிடித்துப் போய் மேலே பட்டி பூசியிருந்தால் காரின் முதுகெலும்பே போனதாகக் கொள்ள வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் பொதுவான ஆபத்து, முன் சக்கரத்தின் அடிப்பித்தளைக் கட்டையான ட்ரன்னியன். சக்கரம் திரும்பும்போது செங்குத்துத் தண்டு இதற்குள் திருகுபோலச் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது 90 எண் கியர் எண்ணெய், கிரீஸ் அல்ல. கிரீஸ் இறுகி வழியை அடைத்துவிட, தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடிக்கும். ஒரு நாள் முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். முறிவு பெரும்பாலும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதுதான் நேரும். ஏற்காடு சாலையில் அப்படி ஒடிக்க வேண்டிய கொண்டை ஊசி வளைவுகள் இருபது. வாங்கிய ஸ்பிட்ஃபயரில் வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இந்தத் தண்டு இரண்டையும் மாற்றாமல் மலைப்பக்கம் திருப்பக் கூடாது.

மலையில் வாங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்குவது அறிவீனம். டிரம் பிரேக், எழுபது வயது ரப்பர், தொடர் இறக்கம் மூன்றும் சேர்ந்தால் பத்தாவது வளைவுக்குள் மிதி தரையைத் தொடும். லாரியில் ஏற்றித்தான் இறக்க வேண்டும். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதில் பொருளில்லை.

வேலை முடிந்து அதே வண்டி மலையேறும்போது இன்னொன்று தெரியும். சேலத்திலிருந்து ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே காற்று மெலிது. தண்ணீர் 95 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும் என்பதால், ரேடியேட்டரில் அடைப்பு மிச்சமிருந்தால் கடைசி வளைவுகளில் ஆவி எழும். எஸ்.யூ. கார்புரேட்டரில் சேலத்துக்குச் சரியாக இருந்த கலவை மேலே போனதும் பெட்ரோல் மிகுந்து, புகைக்குழாயில் கருமை படியும். கார்புரேட்டரின் அடியில் ஜெட்டைத் தாங்கும் அறுமுக நட் இருக்கிறது. ஏரிக்கரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு, இரண்டு கார்புரேட்டரிலும் அதை ஒரே அளவாக ஒரு முகம் மேலே திருகினால் கலவை மெலியும். அடிவாரம் திரும்பியதும் அதே ஒரு முகம் கீழே.