இரவு 2 மணிக்கு யார் வருவார்?

சென்னையில் இருந்து மாமல்லபுரத்துக்குப் பஸ்சில் போகிறவர்கள் சன்னல் ஓரம் உட்கார்ந்தால் கடலைப் பார்க்கலாம். சவுக்குத் தோப்பைப் பார்க்கலாம். இப்போது இன்னொன்றையும் பார்க்கலாம்.

முதியோர் இல்லப் பலகைகள்!

கடற்காற்று உண்டு, தோட்டம் உண்டு, வீட்டுச் சாப்பாடு உண்டு என்று அவை அழைக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தின் உள்பகுதியிலும் இப்படித்தான். ஏழைகளுக்கு இலவச இல்லம் இருக்கிறது. மாதப் பணம் கட்டும் இல்லம் இருக்கிறது. வீட்டையே விலைக்கு வாங்கிக் குடியேறும் முதியோர் குடியிருப்பும் வந்துவிட்டது.

காரணம் என்ன? தமிழ்நாட்டில் முதியவர்கள் பெருகி வருகிறார்கள். 2021-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 100 பேரில் ஏறக்குறைய 14 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-ல் இது 18 ஆகும் என்று கணக்கிட்டு இருக்கிறார்கள். பிள்ளைகளோ பெங்களூரில், துபாயில், அமெரிக்காவில்!

இந்தக் கடற்கரைக்கு முதியோர் இல்லம் புதிது அல்ல. ஆதரவற்ற மூதாட்டிகளுக்காகச் சாவித்திரி வைத்தி என்ற அம்மையார் 1978-ல் தொடங்கிய "விச்ராந்தி" இல்லம், இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தில் அமைந்தது. அப்போது இல்லங்களை விரல் விட்டு எண்ணலாம். இப்போது எதைத் தேர்ந்து எடுப்பது என்பதே பெரிய பாடாக இருக்கிறது.

கட்டடமா? கைகளா?

அம்மாவைச் சேர்க்க வருகிற மகன் என்ன பார்க்கிறார்? தரை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். ஏ.சி. இருக்கிறதா, டி.வி. இருக்கிறதா என்று கேட்கிறார். சாம்பாரை ருசி பார்க்கிறார். திருப்தியோடு பணம் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

"இரவு 2 மணிக்கு அம்மா கழிப்பறைக்குப் போக எழுந்தால், கூட யார் வருவார்?"

இப்படிப்பட்ட நேரத்திலும் முதியவர்கள் விழுவது உண்டு. தூக்கக் கலக்கம், இருட்டு, ஈரத் தரை! இடுப்பு எலும்பு முறிந்தால், 80 வயதில் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் இல்லத்தில் 30 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 6 பேர் படுத்த படுக்கை. இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை ஒரே ஓர் ஆயா. படுக்கையில் கிடப்பவர்களை 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். நனைந்த துணியையும் மாற்றவேண்டும். ஒருவருக்கு 10 நிமிடம் என்றால், 6 பேருக்கு ஒரு மணி நேரம். அதாவது, அந்த ஆயாவின் இரவில் பாதி இதற்கே போய்விட்டது! மீதி 24 பேர் மணி அடித்தால் யார் போவது? அதுவும், கனத்த உடம்பைத் தோல் உராயாமல் புரட்ட இரண்டு பேர் வேண்டும். அவரோ தனி ஆள்.

இன்னொரு கணக்கும் உண்டு. "எங்களிடம் 9 ஆயாக்கள் இருக்கிறார்கள்" என்று நிர்வாகி பெருமையாகச் சொல்லலாம். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்டு. ஷிப்டுக்கு 3 பேர். சரியாகத்தானே இருக்கிறது? இல்லை! வார விடுமுறையை மறந்துவிட்டோம். வாரத்துக்கு 63 ஷிப்டு வேலை இருக்கிறது. ஓர் ஆயா 6 நாள்தான் வருவார். 10 பேருக்கு மேல் தேவை. காய்ச்சல், கலியாணம், பொங்கல் எல்லாம் சேர்த்தால் 12 பேர் வேண்டும். 9 பேரை வைத்து ஓட்டினால், யாரோ ஒருவர் தூங்காமல் இரட்டை ஷிப்டு பார்க்கிறார் என்று அர்த்தம். அல்லது இரவில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

கட்டணம் அதிகமானால் ஆட்களும் அதிகம் என்று நினைத்துவிடக்கூடாது. பணம் சலவைக்கல்லுக்கும் போகலாம், சம்பளத்துக்கும் போகலாம். இலவச இல்லங்கள் சிலவற்றில், நடத்துகிறவர்களே இரவிலும் அங்கேயே தங்குகிறார்கள். அந்த ஒரு காரணத்தால் பல குறைகள் அடிபட்டுப் போகின்றன.

வெள்ளை உடுப்பு போட்டவர் எல்லாம் நர்சு அல்ல. ஆயா குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம். ஆனால் இன்சுலின் ஊசி, சிறுநீர்க் குழாய், மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் இவற்றுக்குப் படித்த நர்சு வேண்டும். படித்த நர்சுகள் நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்து இருப்பார்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை.

புண் காட்டிக் கொடுக்கும்

கவனிப்பு எப்படி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? படுக்கைப்புண்ணைக் கேளுங்கள்.

குதிகால், இடுப்பு, முதுகின் அடியில் உள்ள எலும்பு இங்கெல்லாம் உடம்பின் பாரம் அழுத்தும். முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மாறாது. அப்போதே கவனிக்காவிட்டால் தோல் உரியும், குழி விழும். ஆஸ்பத்திரியில் இருந்து புண்ணோடு வந்து சேருகிறவர்களும் உண்டு. ஆகையால், "இங்கே வந்த பிறகு எத்தனை பேருக்குப் புண் வந்தது?" என்று கேட்கவேண்டும். நல்ல இல்லத்தில் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். யார் எப்போது புரட்டிப் படுக்க வைத்தார், எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் அதில் இருக்கும்.

அமெரிக்காவில் அரசாங்கமே முதியோர் மருத்துவ இல்லங்களுக்கு நட்சத்திரம் போடுகிறது. 2008-ல் இது தொடங்கியது. ஒரு நட்சத்திரம் மட்டம், ஐந்து உயர்வு. ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரக் கவனிப்பு என்பதும் இதில் சேரும். சனி, ஞாயிறுகளில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதை 2022 முதல் தனியாகவே வெளியிடுகிறார்கள். வார நாட்களில் ஆள் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம் போலும்!

நம் ஊரில் நட்சத்திரம் இல்லை. நாமே போய்ப் பார்க்கவேண்டியதுதான். ஞாயிறு மாலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது.

வேனில் கேட்ட அலறல்

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் பக்கம் ஒரு வேனில் இருந்து மூதாட்டியின் அலறல் கேட்டது. மக்கள் வேனை மறித்தார்கள். உள்ளே காய்கறி. கூடவே ஒரு பிணம். அதன் பக்கத்தில் உயிரோடு அந்த மூதாட்டி!

அந்த ஊரில் இருந்த கருணை இல்லத்தில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அங்கே இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். இல்லத்தின் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளை நிர்வாகம் மறுத்தது. அங்கே இருந்தவர்களில் பலர் உறவினர் வந்து பார்க்காதவர்கள், தெருவில் இருந்து அழைத்து வரப்பட்டவர்கள்.

முதியோர் இல்லங்கள் மாவட்ட சமூகநலத் துறையில் பதிவு செய்து இருக்கவேண்டும். பதிவுச் சான்றிதழை முதலில் கேளுங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியவர்கள் தங்கும் அளவுக்கு, அரசு இல்லம் அமைக்கலாம் என்று 2007-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெற்றோரை இல்லத்தில் விட்டுவிட்டுப் பணம் அனுப்பாத பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரவும் அதில் வழி இருக்கிறது.

கடல் ஓரத்துக்குத் தனிக் கேள்விகள்

கடற்காற்று உடம்புக்கு இதம். இரும்புக்கு எமன்! குளியல் அறையில் பிடித்துக்கொள்ள வைத்த கம்பி துருப்பிடித்து ஆடுகிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

மாமல்லபுரத்தில் இருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் வண்டி எது, கூடப் போகிறவர் யார்? அவர் போய்விட்டால் இல்லத்தில் மிஞ்சுவது யார்?

"மாண்டஸ்" புயல் 2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவில் மின்சாரம் இல்லாமல், லிப்டு ஓடாமல், மாடியில் இருக்கும் படுக்கை நோயாளியை எப்படி இறக்குவார்கள் என்று கேளுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்க்க அனுமதிக்கும் இல்லமாக இருந்தால் நல்லது. முன்பணம் திரும்பக் கிடைக்குமா, நர்சு, டயபர், டாக்டர் செலவெல்லாம் தனியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் முதியோர் உதவி எண் 14567. காசு கிடையாது.

ஒரு மாதம் கழித்து அம்மாவைத் தனியாக உட்கார வைத்து, "ராத்திரி மணி அடித்தால் யாரும்மா வருகிறார்கள்?" என்று கேளுங்கள். அம்மா ஒரு பெயரைச் சொல்லி, அந்தப் பெண்ணுக்கு எத்தனை குழந்தைகள் என்பதையும் சொன்னால் கவலை இல்லை. "யாரோ ஒரு பொண்ணு... தினம் ஒருத்தி" என்று சொன்னால், அன்றைக்கே ஆபீஸ் அறைக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்க்கவேண்டும்.