உளி பிடித்த கைக்கு சிஎன்சி வருமா?

குள்ளஞ்சாவடிப் பக்கம் தச்சு வேலை செய்பவரா நீங்கள்? கதவில் பூவேலை கேட்டு வருகிறவர் இப்போது செல்போனில் ஒரு படத்தை நீட்டி, "சிஎன்சியில போட்டுக் குடுங்க" என்கிறார். சிஎன்சி (கணினி சொல்லும் வழியில் பிட்டை நகர்த்தி மரத்தைக் குடையும் மெஷின்) நமக்குச் சரிப்பட்டு வருமா என்று தயங்குவீர்கள்.

இதற்குக் கணினி படித்திருக்க வேண்டுமா? தேவையில்லை. 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இந்த வகை மெஷினை முதலில் இயக்கிக் காட்டியபோது, கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டார்கள். இன்றைக்கு ஈஸல் போன்ற மென்பொருளில் எழுத்தையோ கோலத்தையோ வரைந்து ஆழத்தைச் சொன்னால் போதும். டூல்பாத்தை (பிட் போகும் பாதை) அதுவே போட்டு, பலகை எப்படி வரும் என்றும் திரையில் காட்டிவிடும்.

அப்புறம் எங்கே இடறும்? பெரும்பாலும் ஜீரோ வைப்பதில்தான். மெஷினுக்குக் கண் கிடையாது. மரத்தின் மேல்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். மரத்தின் மேல் ஒரு தாளை வைத்து, பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தாளை இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். அந்த இடம்தான் ஜீரோ. இதைத் தானே செய்யும் தொடு தகடும் கிடைக்கிறது. புதியவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான் என்பேன். ஜீரோ கீழே போய்விட்டால் பிட் உடையும், பலகையும் வீண்.

கிளாம்ப் (பலகையை அசையாமல் பிடிக்கும் பிடி) இருப்பதும் மெஷினுக்குத் தெரியாது. அதனால் முதல் ஓட்டத்தில் ஜீரோவை இரண்டு அங்குலம் மேலே வைத்து, மரத்தைத் தொடாமல் ஓட விடுங்கள். பிட் கிளாம்ப் இருக்கும் பக்கம் போகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு கை நிறுத்தும் பட்டன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எந்த மரத்தில் பழகலாம்? கழிவுத் துண்டில். தேக்கில் உள்ள மணற்சத்து பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மிருதங்கத்துக்குப் பேர்போன பண்ருட்டிப் பலாவையும் கை பழகிய பிறகு எடுங்கள்.

எதை வாங்குவது? 3018 என்ற மேஜை மெஷினின் வேலைப்பரப்பு ஏறத்தாழ 30 செ.மீ.க்கு 18 செ.மீ. பெயர்ப் பலகைக்குப் போதும், கதவுக்கு ஆகாது. கதவுக்கு எட்டுக்கு நாலு ஷீட்டை ஏற்கும் 1325 வேண்டும். அது ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். வேலை நிரந்தரமாக வரும்வரை பைலை மட்டும் நீங்கள் தயார் செய்து, டவுனில் உள்ள சிஎன்சி கடையில் கொடுத்து வெட்டி வாங்குங்கள். சாமி உருவங்களின் கண், மூக்கு நுணுக்கத்தைக் கடைசியில் உளியால் நீங்களே தீட்டலாம். அந்தக் கூலி உங்களுக்குத்தான்.

எம்டிஎஃப் பலகை வெட்டும்போது மட்டும் மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள். அதன் தூள் மாவு போல மெல்லியது, நேரே நுரையீரலுக்குப் போகும்.