பறையைப் பாராட்டினால் போதாது, பெயரையும் எழுத வேண்டும்

நமது மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவர், தான் எழுதிய பாட்டு விமர்சனத்தைப் போன மாதம் கைபேசியில் காட்டினார். இளங்கலைத் தமிழ், மூன்றாம் ஆண்டு. அப்பா பறையிசைக் கலைஞர். புதிதாக வந்த ஒரு சினிமாப் பாட்டைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். நடை நன்றாகவே இருந்தது. நாம் படித்து முடித்ததும் அவர் கேட்டார்: "இதை வச்சு சோறு திங்க முடியுமா தோழர்?"

நியாயமான கேள்வி. வேலை என்றால் வாத்தியார், போலீஸ், நர்ஸ், குரூப் 4 என்ற பட்டியலோடு நம் தெருக்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. எழுத்தை நம்பி என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்ல வீட்டிலும் ஆளில்லை, பல கல்லூரிகளிலும் ஆளில்லை. அதனால் அவரிடம் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

பாட்டு விமர்சனம் மட்டும் எழுதிக் குடும்பம் நடத்துவது மிகவும் கடினம். உலகம் முழுக்க இசையைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் பகலில் வேறொரு வேலை பார்க்கிறார்கள். எழுதத் தெரிந்தவருக்குப் பொருந்தும் அப்படியொரு வேலைதான் தகவல் தொடர்பு ஆலோசகர் வேலை.

ஒரு மருத்துவமனை, தொண்டு நிறுவனம், பின்னலாடைக் கம்பெனி, பல்கலைக்கழகம் என்று எதுவானாலும் மக்களிடம் சொல்ல வேண்டிய சேதி அதற்கு இருக்கும். அதை யாரிடம், எந்த மொழியில், எப்போது சொல்வது என்று வகுத்துக் கொடுப்பவர் இவர். பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு எழுதுவார். துண்டறிக்கை, ஆண்டறிக்கை, சமூக வலைத்தளப் பதிவு எல்லாம் தயாரிப்பார். நிறுவனத்தின் மேல் புகார் வந்தால் என்ன பதில் சொல்வது என்று ஆலோசனை தருவார். முதலில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டு, சில வருடம் கழித்துத் தனியாகச் செய்கிறவர்கள் உண்டு. தனியாகச் செய்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேலைக்கு வேலை தொகை பேசிக்கொள்ள வேண்டும். நல்ல தமிழும் வேலைக்குப் போதுமான ஆங்கிலமும் உள்ளவருக்கு இதில் இடம் உண்டு.

பகலில் ஒரு வேலை, மாலையில் இசை எழுத்து என்பது தமிழருக்குப் புதிதல்ல. சுப்புடு என்று அறியப்பட்ட பி.வி.சுப்பிரமணியம் (1917–2007) டெல்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே கச்சேரி விமர்சனம் எழுதினார். வித்வான்கள் அவர் பேனாவுக்குப் பயந்தார்கள்.

நம் பக்கத்திலும் முன்னோடி இருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். சென்னை இராயப்பேட்டையில் வைத்தியம் பார்த்துக்கொண்டே 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 1914இல் இறக்கும்வரை அதை நடத்தினார். வைத்தியம் ஒரு கை, எழுத்து ஒரு கை. 'சாதியற்ற தமிழர்' என்ற அவருடைய கருத்திலிருந்துதான் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. நூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து, கானாவும் ராப்பும் பாடும் பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

சோற்றுக் கேள்விக்கு இதுவே நம் பதில். ஆனால் மாணவரின் விமர்சனத்தில் நம்மை உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் பாட்டின் உயிரே பறைதான் என்று எழுதியிருந்தார். இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர், நடிகர், இயக்குநர் பெயர்கள் இருந்தன. பறை அடித்தது யார் என்று கேட்டோம். "பேரு எங்கயும் போடல தோழர்" என்றார்.

இதுதான் நம் இசையின் பழைய கதை. மிருதங்கத்தில் மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்கிறது. தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, மூட்டி, நாதம் வரும்படி செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயர் பெயர் இசை கேட்கும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? டி.எம்.கிருஷ்ணா இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். 2020 ஜனவரியில் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது.

இன்னும் கிட்டத்தில் ஒரு சம்பவம். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எழுதித் தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. அறிவு ஏன் விடுபட்டார் என்று இயக்குநர் பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பலரும் கேட்டார்கள். பிறகு அறிவின் படத்தோடு அந்த இதழ் இன்னொரு அட்டை வெளியிட்டது. அட்டையில் இருந்த கலைஞர்கள் மேல் நமக்கு வருத்தமில்லை. கேட்டதால்தான் கிடைத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். கேட்க ஆளில்லாத ஊர்க் கலைஞர்கள் எத்தனை பேர்?

யார் பெயர் வர வேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலிகளில் நாம் இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. ஆய்வில் எடுத்துக்கொண்ட பத்திரிகை, தொலைக்காட்சி, இணைய ஊடகங்களில் தலைமைப் பொறுப்புகள் 121. அவற்றில் 106 பேர் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. செய்திக்குறிப்பை எழுதும் இடத்திலும் அதை வாங்கிப் படிக்கும் இடத்திலும் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

எழுத விரும்பும் மாணவர்களுக்குச் சில யோசனைகள். பாட்டை மூன்று முறையாவது கேளுங்கள். ஒருமுறை வார்த்தைக்கு, ஒருமுறை குரலுக்கு, ஒருமுறை வாத்தியத்துக்கு. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் விழும் வேறுபாடு உங்கள் காதுக்குத் தெரியும். நகரத்து விமர்சகர் பலருக்குத் தெரியாது. அந்த அறிவை எழுத்தில் கொண்டுவாருங்கள். வாசித்தவர் பெயர் தெரியவில்லை என்றால், பெயர் போடப்படவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நம்மவர் பாட்டு என்பதற்காகக் குறையை மறைக்காதீர்கள். நாளை ஆலோசகர் வேலையில் இருக்கும்போது, உங்களுக்குப் பணம் தரும் நிறுவனம் வெளியிட்ட பாட்டுக்கு விமர்சனம் எழுதாதீர்கள். எழுதினால் அது விளம்பரம். ஒருமுறை அப்படி எழுதிவிட்டால் அப்புறம் நீங்கள் எழுதும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தமிழோ வேறு பட்டமோ முடித்துவிட்டு இதழியல், தகவல் தொடர்பு முதுகலை படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறைகள் இருக்கின்றன. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் கல்லூரி திறக்கும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

2025இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயர் டெல்லிவரை போயிருக்கிறது. அவரைப் போல ஊருக்கு ஊர் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

போன வாரம் அந்த மாணவர் மறுபடி வந்தார். இந்த முறை சினிமாப் பாட்டு இல்லை. அப்பாவின் குழு ஒரு கலைவிழாவில் வாசித்ததைப் பற்றி எழுதியிருந்தார். அப்பாவின் வாசிப்பில் இரண்டு இடத்தில் வேகம் தப்பியதையும் விடாமல் குறித்திருந்தார். கட்டுரையின் முதல் பத்தியில், முழுப்பெயரோடு ஏழு பேர் இருந்தார்கள்.