கண் காணும் எழுத்தும் கணினி காணும் எழுத்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் நிகழும் அந்தியேட்டிக் கிரியைக்குச் சென்று மீள்வோர் கையில் ஒரு சிறு நூல் இருக்கக் காணலாம். கல்வெட்டு என்பது அதற்கு வழங்கிவரும் பெயர். நினைவு மலர் என்றும் சொல்வர். இறந்தவரின் படம், பிறந்த ஊர், குடிவழி, உற்றார் உறவினர் பெயர்கள், ஓதுதற்குரிய திருமுறைப் பாடல்கள், சிலவற்றில் ஊர்க் கோயிலின் வரலாறு ஆகியன அதில் அடங்கியிருக்கும். அரசாங்கப் பதிவேடுகளிலும் காணக்கிடையாத குடும்பச் செய்திகள் இச்சிறு நூல்களில் உண்டு. ஆதலின் ஊர் வரலாறு எழுதப் புகுவோர் முதலில் தேடிச் செல்வது இவற்றையே.

ஈய எழுத்துகளைக் கையாற் கோத்து அச்சிட்ட காலம் கழிந்து, கணினியிலே எழுத்துக் கோக்கும் காலம் வந்த பின்னர், இக்கல்வெட்டுகளும் பாடசாலை மலர்களும் வாசிகசாலைகளின் ஆண்டறிக்கைகளும் கணினிக் கோப்புகளாக எழுந்தன. தாளைக் கறையான் அரிக்கும், கோப்பை ஒன்றும் செய்யாது என்று பலர் நம்பினர். அக்கோப்புகளை இன்று திறந்து பார்ப்போர் காண்பது யாது? ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கலந்து கிடக்கும் ஒரு திரளை. கோப்பு கெடவில்லை, வைரஸ் புகவும் இல்லை. எழுதியவை யாவும் உள்ளே அப்படியே இருக்கின்றன. எனினும் அவை தமிழாக இல்லை. உண்மையில் அவை என்றுமே தமிழாக இருந்ததில்லை. பொழுதுபோக்காகக் கணினியைப் பயின்று வருபவன் என்ற முறையில், இதன் காரணத்தையும் இதனைத் தீர்க்கக் கிடைத்துள்ள கருவிகளையும் நேயர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

இதன் வேர் தட்டச்சுப் பொறியில் இருக்கிறது. தமிழுக்குத் தட்டச்சுப் பொறி கண்ட முத்தையா அவர்கள் யாழ்ப்பாணத்திலே பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்தவர். தமிழின் 247 எழுத்துகளையும் ஒரு சிறு பொறிக்குள் அடக்குவது எவ்வாறு என்பதே அவர் முன் நின்ற வினா. நகரா விசை என்பது அதற்கு அவர் கையாண்ட உபாயம். புள்ளியையும் விசிறியையும் அடிக்கும்போது தாளேந்தி நகராது நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து விழும். எனவே தட்டச்சாளர் முதலிற் புள்ளியையும் பின்னர் மெய்யையும் அடித்தனர். கையால் எழுதும் முறைக்கு இது மாறானதே. ஆயினும் தாளிலே விழுந்தது நல்ல தமிழ். பொறிக்குத் தாளைத் தவிர வேறு நினைவு இல்லை. தாளில் உள்ளது சரியாயின் யாவும் சரியே.

கணினி அத்தகையதன்று. அதற்கு இரண்டு நினைவுகள் உண்டு. திரையிலே காட்டும் உருவம் ஒன்று. உள்ளே எண்ணாகச் சேர்த்து வைத்திருக்கும் குறி மற்றொன்று. பழைய முறையில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்தவை 256 இடங்களே. அவற்றுட் பல ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தக்குறிக்கும் உரியவை. தமிழ் எழுத்துரு செய்தோர் ஓர் எளிய தந்திரம் செய்தனர். ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தனர். கணினி 'இது ஜே' என்று எண்ணிக்கொள்ளும். திரையிலோ 'த' தோன்றும்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையிலும் பெருவழக்காயிருந்த பாமினி என்னும் எழுத்துரு இத்தகையது. அதன் நடுவரிசை விசைகள் ய, ள, ன, க, ப என அமைந்திருக்கும். தட்டச்சு வகுப்பிலே பயின்றவர் விரல்களுக்கு இவ்வரிசை நன்கு பழகியது. புதிதாக ஒன்றும் கற்கவேண்டியதில்லை. பாமினி இவ்வளவு பரவியமைக்கு அதன் அழகைக் காட்டிலும் இவ்வசதியே காரணம் என்பது என் கருத்து. பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டினால் கணினியின் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, பின்பு ஓர் அரைப்புள்ளி. அவ்வளவே. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி வரையப்பட்டிருக்கிறது. பாமினி நிறுவப்படாத கணினியிலே இக்கோப்பைத் திறந்தால் அணிந்த வேடம் கலைந்துவிடும். ஜேயும் கேயும் அரைப்புள்ளியும் வெளிப்பட்டு நிற்கும்.

ஒரே எழுத்துருவை உலகெல்லாம் கையாண்டிருந்தால் இடர் சிறிதாயிருந்திருக்கும். சென்னையில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று, கொழும்பில் ஒன்று என எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொன்றும் தன் போக்கில் இடங்களைப் பங்கிட்டுக்கொண்டது. ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் படிக்க அவரது எழுத்துருவையும் உடன் பெறவேண்டியிருந்தது.

இதற்கு முடிவாக வந்தது ஒருங்குறி. யூனிகோட் எனவும் கூறுவர். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. இதிலே எழுத்து எவர் இடத்தையும் இரவல் வாங்குவதில்லை. அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. 'தமிழ்' என்பதை 2980, 2990, 3007, 2996, 3021 என்று கணினி குறித்துக்கொள்கிறது. கடைசி எண் புள்ளிக்குரியது. அது மெய்க்குப் பின்னரே வரும். கொம்பும் அவ்வாறே. 'கெ' என்று எழுதும்போது நம் கை கொம்பை முன்னே போடுகிறது. ஒருங்குறியோ முதலில் ககரத்தையும் பின்னர் எகரக் குறியையும் வைத்து, திரையிலே காட்டும்போது மட்டும் கொம்பை இடப்பக்கம் நகர்த்திக் காட்டுகிறது. வாய் ஒலிக்கும் முறையை அது பின்பற்றுகிறது என்று கூறலாம்.

தரம் வந்துவிட்டது என்பதால் அது வீட்டுக்குள் வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. விண்டோஸ் 2000 பதிப்பிலேதான் தமிழும் லதா என்னும் எழுத்துருவும் இடம்பெற்றன. 2001 இல் வந்த எக்ஸ்பி பதிப்பிலும் தமிழ் உறங்கியே கிடந்தது; மொழித்தெரிவுப் பலகையிலே ஒரு சிறு கட்டத்தைத் தெரிந்து, நிறுவல் வட்டையும் உள்ளே இட்டாலன்றி அது விழிக்கவில்லை. குடாநாட்டின் நிலையை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். 1990 களிலே பல ஆண்டுகள் மின்சாரமின்றித் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். 2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு, ஏ-9 பாதை திறக்கப்பட்ட பின்னரே கணினிகள் தாராளமாக வந்தன. பெட்டி வந்தது, வட்டுப் பல வேளைகளில் வரவில்லை. கட்டத்தைத் தெரிந்தவுடன் கணினி வட்டைக் கேட்க, வட்டைத் தேடிக் கடைகடையாக அலைந்தவர் பலர்.

தட்டுவதற்கும் ஒரு கருவி வேண்டியிருந்தது. இதனைப் பெரிய நிறுவனங்கள் செய்து தரும்வரை ஆர்வலர்கள் காத்திருக்கவில்லை. மலேசியாவிலே முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். கீமேன் என்னும் பொதுக் கருவியை அடிப்படையாகக் கொண்டு முகுந்தராஜ் ஈ-கலப்பையை இலவசமாக வழங்கினார். பெயரைக் கேட்டுச் சிரிப்போர் உண்டு. உழுவதற்கு உதவியது என்பதை மறுப்பவர் இல்லை. ஆங்கில ஒலிப்பைத் தட்டித் தமிழ் பெறுவோர்க்கு ஒரு வழி, 1999 இற் சென்னையிலே வகுக்கப்பட்ட தமிழ்99 முறையைப் பயின்றோர்க்கு ஒரு வழி, பாமினி விரல்களுக்கு ஒரு வழி என அது பிரிந்து கொடுத்தது. பாமினி விசைகளையே தட்டி உள்ளே ஒருங்குறியைப் பதிக்கலாம் என்பது இதனாற் கிடைத்த பெரும் பயன். பழகிய கையைப் பழக்கத்திலேயே விட்டுவிட்டு, கோப்பை மட்டும் சீர்செய்த வழி இது. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வழங்கிய என்எச்எம் ரைட்டரும் இவ்வாறே பல விசைமுறைகளுக்கு இடமளித்தது.

தட்டியதை வெளியிடுவதற்கு வலைப்பதிவு கைகொடுத்தது. 1999 இல் தோன்றிய புளொக்கரும் 2003 இல் தோன்றிய வேர்ட்பிரஸும் பணமின்றியே பக்கம் தந்தன. அச்சகம் வேண்டா, தாள் வேண்டா, பதிப்பாசிரியரின் இசைவும் வேண்டா. 2004 இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், உலகெங்கும் எழுதப்படும் தமிழ்ப் பதிவுகளை ஒரே முற்றத்திற் கூட்டியது. ஒரு செய்தி இங்கு கருதத்தக்கது. பாமினியில் எழுதிய பதிவு கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும் தேடுபொறிக்கு அது ஜேயும் கேயுமே. ஒருங்குறியில் எழுதியதோ தமிழிலே தேடினார்க்கு அகப்படும். எனவே எழுத்தாளர்களை ஒருங்குறிக்கு ஈர்த்தது கற்றோர் கூட்டங்களின் தீர்மானமன்று; தம் எழுத்தைப் பிறர் தேடிக் கண்டடையவேண்டும் என்ற விருப்பமேயாகும்.

புதிது இவ்வாறு சீர்பெற்றது. பழையதை என் செய்வது? அதற்கு எழுந்தவை மாற்றிகள். சுரதா யாழ்வாணன் இணையத்திலே அமைத்த பொங்குதமிழ் மாற்றியைப் பயன்படுத்தாத ஈழத்தமிழ் வலைப்பதிவர் அரியர். ஒரு கட்டத்திற் பாமினி எழுத்தை இட்டால் மறுகட்டத்தில் ஒருங்குறித் தமிழ் வந்து நிற்கும். மந்திரம் போலத் தோன்றும் இவ்வேலை உள்ளபடி ஒரு பெயர்ப்பட்டியலே. ஜே வந்தால் த, கே வந்தால் ம. ஆனால் ஓரிடத்திலே இப்பட்டியல் தடுமாறும். அவ்விடத்தை அறிந்துகொள்வதிலேதான் ஆர்வலரின் உழைப்பெல்லாம் அடங்கியிருக்கிறது.

'கொ' என்பதைப் பாமினி மூன்று துண்டுகளாக வைத்திருக்கும்: கொம்பு, க, கால். மாற்றி முதலிலே கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் 'கெ' ஆக்கிவிட்டால் கால் தனியே நின்றுவிடும். ஆதலின் நீண்ட சேர்க்கைகளை முன்னர் மாற்றிக் குறுகியவற்றைப் பின்னர் மாற்றவேண்டும். இவ்விதி 'கொ'வுக்குப் பொருந்தும். ஔகாரத்துக்கு வரும்போது இதே விதி வலையாகிவிடுகிறது. 'வௌ' என்பதில் கொம்புக்கும் வகரத்துக்கும் பின்னே வரும் குறி, உருவத்தில் ளகரமே. பாமினிக்கு இரண்டும் ஒரே விசை. நீண்டதை முன்னர் மாற்றும் கருவி, 'வெள்ளம்' என்னும் சொல்லிலும் அதே மூன்று துண்டுகளைக் கண்டு வகர ஔகாரமாகக் கொள்ளும். பின்னாலுள்ள புள்ளி அதன்மேல் ஏறி 'வௌ்ளம்' என்றாகும். 'தெளிவு' 'தௌிவு' ஆகும். 'வெளியீடு' 'வௌியீடு' ஆகும். இதற்கு அஞ்சி ஔகாரத்தை விட்டுவிட்டால் 'கௌரி' என்னும் பெயர் 'கெளரி' என்று ளகரத்தோடு நிற்கும். திரையிலே இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். படிப்பவர் கடந்து செல்வார். தேடுபொறி கடவாது.

ரகர மெய்யும் இவ்வாறே ஏய்க்கும். அச்சுவடிவில் 'ர்' என்பதும் காலின்மேல் இட்ட புள்ளியும் ஒன்றுபோல் இருத்தலால், பாமினியிற் பலரும் கால் விசையையும் புள்ளி விசையையும் தட்டியே 'ர்' பெற்றனர். விழிப்பற்ற மாற்றி அதனைக் காலாகவே கொண்டு 'ஆசிரியர்' என்பதை 'ஆசிரியா்' என எழுதிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதே அரிது. ஆனால் ஆசிரியர் என்று தேடுகின்ற பேரனுக்கு அக்கோப்பு அகப்படாது. பெயர்களையே சாரமாகக் கொண்ட ஒரு கல்வெட்டில் 'ர்' என முடியும் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் எத்தனை! நல்லூர் ஒன்று போதாதா?

இக்குறைகளைக் களைய ஒரு வழி உண்டு. மாற்றிய கோப்பிலே கால்மேற் புள்ளி வருமிடங்களைத் தேடுங்கள். தமிழில் அவ்வாறு வருதற்கு இடமே இல்லை. ஆதலின் அகப்படுவதையெல்லாம் ரகர மெய்யாக மாற்றிவிடலாம். ஔகாரக் குறியின்மேற் புள்ளியோ வேறொரு உயிர்க்குறியோ ஏறியிருக்குமாயின் அதுவும் பிழையே. அங்கே எகரமும் ளகரமும் வேண்டும். இவ்விரண்டையும் கணினியே செய்துவிடும். எஞ்சுவது கெளரி போன்றவை. அவற்றுக்கு மனிதக் கண்ணும் அக்குடும்பத்தை அறிந்த ஒருவரும் வேண்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரியூட்டப்பட்டதன் பின்னர், ஒரே இடத்தில் ஒரே படியை வைத்திருத்தலின் ஆபத்தை நமக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 2005 இல் ஆர்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து யாவர்க்கும் இலவசமாக வைத்திருக்கிறது. படம் பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். அதனுள்ளே ஒரு பெயரைத் தேட எழுத்து வேண்டும். அச்சுக்குச் சென்ற மூலக்கோப்பு எங்கேனும் எஞ்சியிருந்தால் அது படத்துக்கு உற்ற துணை.

அம்மூலக்கோப்பைப் பெறுவது எளிதன்று. அச்சகங்கள் பெரிதும் கையாண்ட பேஜ்மேக்கர் மென்பொருள் 2001 இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோயிற்று. இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பல அக்கோப்புகளைத் திறக்க மறுக்கின்றன. ஆகவே பழைய கணினி ஒன்று எங்கேனும் ஓடிக்கொண்டிருக்குமாயின், அதிலே திறந்து, எழுத்தைப் படியெடுத்து வெற்றுரைக் கோப்பாகச் சேமித்தல் வேண்டும். மாற்றிய தமிழை நோட்பேடிற் சேமிப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2019 க்கு முற்பட்ட விண்டோஸ்களில் அது தானாகத் தெரிந்துகொள்ளும் முறை தமிழை அறியாது. எச்சரிக்கையைப் படியாமல் ஒப்புக்கொண்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், பின்னர் மீட்க வழியில்லை. சேமிக்கும் சாளரத்தின் அடியிலே யூடிஎஃப்-8 என்பதைத் தெரிதல் வேண்டும். மாற்றுவதற்கு முன்னிருந்த பாமினிக் கோப்பையும் எறியாது அருகிலேயே வைத்து, அதன் பெயரோடு எழுத்துருவின் பெயரையும் குறித்துவைத்தால், நாளை இதனினும் நல்ல மாற்றி வரும்போது மீண்டும் முயலலாம். கோப்பு ஃபுளொப்பி வட்டில் இருப்பின் முதல் வேலை அதனைப் படியெடுப்பதே. புதிய கணினிகளில் அதற்கு வாயில் இல்லை. யூஎஸ்பி வழியே இணைக்கும் தனிக் கருவி தேவை. நம் ஊர்ப் புழுக்கத்திற் பூஞ்சணம் பிடித்த வட்டுகள் சில முதல் முறை படிக்கப்பட்டு, இரண்டாம் முறை மறுத்துவிடுவதும் உண்டு.