ஒரே ஒரு ஸ்பீக்கர்

இந்தக் காரில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். அதுவும் பாட்டுக் கேட்க அல்ல. சீட் பெல்ட் போடச் சொல்லி எச்சரிக்க!

அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் பந்தயத் தடத்தை மனத்தில் வைத்து உருவாக்கிய 2014 மாடல் கமாரோ இசட் 28 அது. அதே வரிசையில், காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்டிய இசட்எல் 1 என்ற கார் ஏற்கெனவே இருந்தது. அதன் திறன் 580 குதிரைத்திறன். ஆனால் சூப்பர்சார்ஜர் எடையையும் கூட்டும், சூட்டையும் கூட்டும். அதனால் இசட் 28-க்கு அது இல்லாத 7 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தினார்கள். திறன் 505 தான். ஆனால் உள்ளே கனெக்டிங் ராடுகள் எடை குறைந்த டைட்டானியம்.

பின்பக்கக் கண்ணாடியின் தடிமன்கூட 3.5 மில்லிமீட்டரிலிருந்து 3.2 ஆனது. ஏசி வேண்டுமென்றால் தனிக் காசு. இப்படிச் சிறுகச் சிறுகக் கழித்ததில், இசட்எல் 1-ஐ விடச் சுமார் 136 கிலோ குறைந்தது. அதாவது, இரண்டு ஆட்களை இறக்கிவிட்ட மாதிரி!

கூடுதல் குதிரைத்திறன் நேர்ப்பாதையில் கைகொடுக்கும். குறைந்த எடையோ பிரேக் பிடிக்கையிலும் வளைவில் திரும்புகையிலும்கூடக் கைகொடுக்கும்.