பட்டி போட்ட வயிறும் எண்ணாயிரம் அடியும்

எடையைக் குறைக்க இரைப்பையில் பட்டி போட்டவர் விமானத்தில் ஏறினால் அது ஊதி இறுகிவிடுமா? கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரையில் இதை யாரும் பொழுதுபோக்குக்குக் கேட்பதில்லை. கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் ஒருவரையாவது அறியாத வீடு இங்கே அபூர்வம். உம்றாப் பயணங்களும் ஓய்வதில்லை. வெடித்தே போகும் என்று பயம் காட்டுகிறவருக்கும், ஒன்றுமே ஆகாது என்று சத்தியம் பண்ணுகிறவருக்கும் நடுவில் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது.

விமானம் முப்பத்தையாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே இருப்பவர் அந்த உயரத்தின் காற்றைச் சுவாசிப்பதில்லை. வழமையான பறப்பில் அறையின் அழுத்தம் 8,000 அடி, அதாவது 2,438 மீற்றர் உயரத்துக்குரிய அளவைவிடக் குறையக் கூடாது என்பது விதி. பீதுருதாலகால உச்சி 2,524 மீற்றர். விமான அறை அதைவிடத் தாழ்வு. போயிங் 787, எயார்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இந்த எல்லை 6,000 அடிதான். நுவரெலியா நகரம் (1,868 மீற்றர்) அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் விடுமுறைக்கு வேன் பிடித்து நுவரெலியா பார்த்துவந்த பட்டிக்காரர் இந்தப் பரீட்சையை ஏற்கெனவே எழுதிவிட்டார் என்று சொல்லலாம்.

பட்டியைப் புரிந்துகொள்ள ஒரு சைக்கிள் டியூப்பை எடுத்துக்கொள்வோம். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பூட்டப்படும் சிலிக்கோன் வளையத்தின் உட்புறம் அப்படியொரு டியூப்தான். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, வயிற்றுத் தோலுக்கடியில் புதைத்த சிறு பெட்டியில் போய் முடிகிறது. அது வால்வு. பம்புக்குப் பதில் ஊசி, காற்றுக்குப் பதில் சேலைன். ஏற்றினால் உணவு இறங்கும் வழி குறுகும். உறிஞ்சி எடுத்தால் விரியும். சைக்கிளில் காற்றுக் குறைந்தால் மிதிக்கக் கஷ்டம், இதில் நீர் குறைந்தால் பசி. சைக்கிள் கடைக்காரர் டியூப்பைத் தண்ணீர்ப் பேசினில் அமுக்கிக் குமிழி தேடுவார்; வைத்தியருக்கும் குமிழி மேல்தான் கண். கடைக்காரருடையது வெளியே தப்பும் குமிழி, வைத்தியருடையது உள்ளே மாட்டிக்கொண்ட குமிழி. பஞ்சருக்கு ஒட்டுப் போட முடியாது. வளையம் கசிந்தால் மீண்டும் சத்திரசிகிச்சைதான். பெல் ஒன்றுதான் குறை.

இனித்தான் கதை சுவைக்கிறது. கடல் மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபஸ்காலாக இருக்கும் அழுத்தம் 8,000 அடியில் 75க்கு இறங்குகிறது. உடலுக்குள்ளும் அதே இறக்கம்தான். ஆனால் நீருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அது விரிவது லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பத்து மில்லிலீற்றர் சேலைன் இருந்தால் கூடுவது ஒரு துளியின் சில நூறில் ஒரு பங்கு. ஆக, சுத்தமாக நீர் நிரம்பிய பட்டி விமானத்தில் ஏறியதையே அறியாது.

சேலைன் ஏற்றும்போது குழாயில் கொஞ்சம் காற்று தங்கிவிட்டால் கணக்கு மாறும். அதே அழுத்த இறக்கத்தில் காற்று மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 0.3 மில்லிலீற்றர் குமிழி 0.4 ஆகும். கூடிய 0.1 மில்லிலீற்றர் எதற்குக் காணும் என்று தோன்றலாம். வகையைப் பொறுத்து 4 முதல் 14 மில்லிலீற்றர் வரை கொள்ளும் இந்த வளையங்களில், வைத்தியர் ஒரு தடவையில் ஏற்றுவது சில வேளை அரை மில்லிலீற்றருக்கும் குறைவு. ஏற்கெனவே இறுக்கத்தின் விளிம்பில் இருக்கும் பட்டிக்கு அந்தச் சொட்டு உறைக்கக்கூடும். பறக்கையில் பட்டி இறுகுவதாகச் சிலர் சொல்வதை முழுக்கக் கற்பனை என்று தள்ள முடியாதது இதனால்தான். அதற்காக எல்லாப் பழியையும் குமிழி தலையில் போடவும் முடியாது. பட்டிக்கு மேலே உள்ள சிறு பைக்குள் விழுங்கிய காற்றும் அதே விகிதத்தில்தான் பெருக்கிறது. பட்டி இருக்கையில் அதை ஏப்பமாக வெளியேற்றுவது எல்லோருக்கும் இலகுவல்ல. தாழ்ந்த அழுத்தத்தில் சோடா இன்னும் வேகமாகப் பொங்கும். பணிப்பெண் நீட்டும் கோலாவை மறுப்பது நல்லது.

பட்டியின் சரித்திரம் சுருக்கமானது. ஊதக்கூடிய பட்டியை 1986இல் அறிமுகப்படுத்தியவர் அமெரிக்காவில் பணியாற்றிய லுபோமிர் குஸ்மாக். எத்தியோப்பியாவில் பிறந்த பெல்ஜியச் சத்திரசிகிச்சை நிபுணர் மிதிகு பெலாச்சு அதை 1993இல் வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகளினூடே பொருத்திக்காட்டினார். 2001இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பிறகு விளம்பரங்கள் ஆண்டன. 2011இல் அமெரிக்க எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டிதான். 2018இல் அது நூற்றுக்கு ஒன்று. வழுகுதல், இரைப்பையை அரித்தல், எதிர்பார்த்த அளவு எடை குறையாமை என்று முறைப்பாடுகள் குவிய, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியகற்றும் ‘ஸ்லீவ்’ முறை இடத்தைப் பிடித்தது.

விமானமும் எடைக்குறைப்பும் சேர்ந்து தலைப்புச் செய்தியான சம்பவம் மும்பாயில் நடந்தது. 2017 பெப்ரவரியில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த 36 வயதுப் பெண் ஒருவர் சரக்கு விமானத்தில் அங்கே கொண்டுவரப்பட்டார். எடை ஐந்நூறு கிலோ என்றார்கள். மார்ச்சில் சைஃபி மருத்துவமனையில் வைத்தியர் முஃபசல் லக்டாவாலா குழு ‘ஸ்லீவ்’ செய்தது. எடை எவ்வளவு குறைந்தது என்பதில் மருத்துவமனையும் குடும்பமும் பகிரங்கமாக முரண்பட்டன. மே மாதம் மீண்டும் விமானம், இம்முறை அபுதாபிக்கு. செப்டெம்பரில் அவர் அங்கேயே காலமானார். இரண்டு விமானப் பயணங்களையும் அந்த உடல் தாங்கியது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு எப்போது பறக்கலாம்? துளைவழிச் சத்திரசிகிச்சை என்றால் ஓரிரு நாள் பொறுத்தால் போதும் என்பது பிரித்தானிய சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் பொது வழிகாட்டல். அந்தச் சிகிச்சையின்போது வயிற்றுக்குள் செலுத்தும் காபனீரொட்சைட்டு இரத்தத்தில் எளிதில் கரைந்து சுவாசத்தோடு வெளியேறிவிடுவதால் அதற்குள் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எடைக்குறைப்பு நிபுணர்கள் இதைவிடக் கூடுதல் நாள் சொல்வதுண்டு. அவர்களுடைய கவலை கால் நாளத்தில் உறையும் இரத்தம். பருத்த உடல், அண்மைய சத்திரசிகிச்சை, நீண்ட நேரம் அசையாது இருத்தல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்வது ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ பயணம் செய்தால் இந்த உறைவின் ஆபத்து ஏறத்தாழ இரட்டிக்கிறது. சுகதேகிகளில் ஆறாயிரத்துக்கு ஒருவர் என்பது கணக்கு. உடல் பருத்தவருக்கு இன்னும் கூட. கவனிக்க வேண்டியது, ஆய்வு சொன்னது விமானத்தை மட்டுமல்ல, பஸ், ரயில், காரையும்தான். டோஹாவுக்கு விமானத்தில் ஐந்து மணித்தியாலம். கல்முனையில் இரவு பஸ் ஏறியவர் கொழும்பில் இறங்குவது விடியற்காலை. விமானத்தில் எழுந்து நாலடி நடக்கலாம். பஸ்ஸின் ஜன்னல் சீட்டில், பக்கத்திலிருப்பவர் குறட்டை விடும்போது, அதற்கும் வழியில்லை. ‘பிளேனில் போகலாமா’ என்று வைத்தியரிடம் கேட்பவர்கள் பஸ்ஸைப் பற்றியும் கேட்டால் நல்லது.

எடையைக் குறைக்கப் பட்டிக்குப் பதில் வயிற்றுக்குள் வாயு நிரப்பிய பலூன் வைத்தவர்களின் கணக்கு வேறு. அங்கே குமிழி ஒரு சொட்டு அல்ல, முழுப் பலூனுமே குமிழி. வைத்த வைத்தியரின் அனுமதியில்லாமல் அவர்கள் டிக்கெட் போடக் கூடாது.

பட்டிக்காரர் பயணத்துக்கு முதல்நாள் சேலைன் ஏற்றிக்கொள்வதும் புத்தியல்ல. இறுக்கம் கூடிவிட்டதா என்பது சில நாள் சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர்கூட இறங்காமல் வாந்தியெடுத்தால், தோலுக்கடியில் உள்ள பெட்டியைத் தேடிப் பிடித்து, அதற்கென்றுள்ள ஊசியால் நீரை உறிஞ்சத் தெரிந்தவர் வேண்டும். பட்டி வழக்கொழிந்து வருவதால் அந்தக் கை பழகிய வைத்தியர்களும் குறைகிறார்கள். ஜித்தாவிலோ டோஹாவிலோ அப்படியொருவர் எந்த வைத்தியசாலையில் இருக்கிறார் என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்து, பட்டியின் வகையும் அதில் உள்ள சேலைன் அளவும் எழுதிய கடிதமொன்றைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும்.